முதல் ஃபிலிம் கேமரா

கே: டிஜிட்டலிலேயே பழகிய உதவி ஒளிப்பதிவாளன் நான். அடுத்த வாரம் முதன்முறையாக அரிஃப்ளெக்ஸ் 35 எம்.எம். கேமராவில் வேலை. எதற்குப் பயப்பட வேண்டும், சார்?

ப: கேமராவுக்கு அல்ல, தம்பி, வெளிச்சத்துக்கு! வெளிச்சம் பட்டால் பாழாகும் ஃபிலிமை, இருட்டுப் பைக்குள் கையை விட்டு, விரல்களையே கண்ணாக்கித்தான் மேகசின் என்னும் ஃபிலிம் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஆகவே இன்றே வாடகைக் கடைக்குப் போய், வீணான சுருள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முதலில் கண்ணால் பார்த்து ஏற்றுங்கள், அடுத்து கண்ணை மூடிக்கொண்டு, கடைசியில் பைக்குள். ஃபிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் ‘லூப்’பின் அளவு பிசகினால் ஃபிலிம் கீறும், கிழியும்; கேமராவின் சத்தமும் மாறும். சரியான ஓட்டத்தின் சத்தம் உங்கள் காதில் ஏறும்வரை ஓடவிட்டுக் கேளுங்கள். 400 அடிச் சுருள் நொடிக்கு 24 ஃபிரேமில் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. மீதி எத்தனை அடி என்பது எப்போதும் உங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். டைரக்டர் ‘ஓகே’ சொன்னதும் நகர்ந்துவிடாமல், லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம்மீது ஒளி விழும் சட்டமான ‘கேட்’டைப் பாருங்கள். அங்கே ஒட்டிய சின்னத் துகள், திரையில் சம்பளம் வாங்காத வில்லன்! ஷட்டர் ஓடும்போது வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்தால், உடனே வியூஃபைண்டரை மூடிவிடுங்கள். அந்த வழியாகவும் வெளிச்சம் புகுந்து ஃபிலிமைக் கெடுக்கும்.