சேலம்–நாமக்கல் சமவெளியில் படக்கோப்புகளின் பட்டா உரிமை: ஒரு பூர்வாங்க ஆய்வு

முகூர்த்த மாதங்களில் இராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் வட்டார ஸ்டுடியோக்களில் மணப்பெண்ணின் முகம் வெளுக்கப்படும் நள்ளிரவில், 'பெர்மிஷன் டினைடு' என்னும் இரு சொற்கள் திரையில் தோன்றும். "ஏனுங்க, கம்ப்யூட்டர் என்றது, போட்டோவும் என்றது, தடுக்கறதுக்கு இவன் யாருங்க?" என்பது இவ்வட்டாரத்தின் மரபான எதிர்வினை. இதைக் குறித்து முந்தைய அறிஞர் எவரும் நூல் செய்யாதது தமிழுக்குப் பெருங்குறை.

முதலில் வரலாறு. 2011இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் குடியிருந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்குப் படம் திருத்தும் ஜிம்ப் அறிமுகமாயிற்று. 1990களில் பெர்க்லி மாணவர் இருவர் எழுதத் தொடங்கிய இம்மென்பொருளுக்குக் காசு கிடையாது. ஆகவே ஸ்டுடியோ முதலாளிகளுக்கும் பிடித்துப்போனது.

இனிக் கோட்பாடு. லினக்ஸில் கோப்பு என்பது நிலம். பட்டாதாரர், பங்காளிகள், ஊரார் என மூன்றே தரப்பு. கொங்குநாட்டாருக்கு இதற்குமேல் விளக்குவது அவமரியாதை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று ஒவ்வொரு தரப்புக்கும் கூட்டிப் போடுவார்கள். 644 என்றால் பட்டாதாரர் திருத்தலாம், மற்றவர்கள் வரப்பில் நின்று பார்க்கலாம்.

'பெர்மிஷன் டினைடு' நோய்க்கான வைத்திய முறைகளில் செல்வாக்கு மிக்கது 'சிஎச்மோட் 777' மார்க்கம். மூன்று தரப்புக்கும் முழு உரிமை தந்து, பட்டா நிலத்தைப் புறம்போக்காக்கிவிடுவது இதன் சாரம். படம் உடனே சேமிக்கப்படும் என்பதால் இம்மார்க்கத்தார் எந்த வாதத்துக்கும் மசிவதில்லை. ஆனால் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது கிடக்கும் கோப்புறையில் இருக்கிறது. கோப்புறைக்கும் 777 போட்டால் அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் கல்யாண ஆல்பத்தையே துடைத்துவிடலாம்.

அடுத்தது சுடோ மார்க்கம். ஜிம்ப்பையே 'சுடோ' போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, திறப்பார்கள். அப்படிப் புதிதாகச் சேமிக்கும் படத்தின் பட்டா 'ரூட்' என்னும் நிர்வாகிக் கணக்கின் பெயருக்குப் போய்விடும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் திருத்திச் சேமிக்க முடியாது. மீண்டும் சுடோ, மீண்டும் ரூட் பெயரில் இன்னொரு பட்டா. நோயை வளர்க்கும் மருந்து என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

இந்த மார்க்கங்கள் பலிக்காத இடங்களும் உண்டு. ஃபேட் வகைப் பென்டிரைவில் உரிமையாளர் பெயரை எழுதிவைக்க இடமே கிடையாது. அங்கே சிஎச்மோட் வீண். விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முறையில் அரைத்தூக்கத்தில் கிடந்தால், அதன் டிரைவை லினக்ஸ் பெரும்பாலும் படிக்க மட்டுமே விடும். விண்டோஸுக்குத் திரும்பி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுதாக மூடிவிட்டு வருவதே வழி.

சரியான முறை சலிப்பூட்டுவது. 'எல்எஸ் -எல்' போட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் பெயரில் இருந்தால் 'சிஎச்ஓன்' கொண்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இந்தப் பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகம் அலைய வேண்டாம், சுடோ கடவுச்சொல் போதும். சுடோவுக்கு உரிய வேலையும் இதுதான்.

கேமராவிலிருந்து எடுத்த எஸ்டி மெமரி கார்டு என்றால் இவை எதற்கும் முன்னால் அதன் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டைப் பாருங்கள். அது பூட்டும் பக்கம் தள்ளப்பட்டிருந்தால் ரூட்டே வந்தாலும் பெரும்பாலும் எழுத முடியாது.