பிளேஸ்மென்ட் சாரை அறிமுகம் செய்துகொள்ளல்: பிரம்மதேசம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்லூரியில் சேர்ந்த மறுவாரமே கேன்டீன் அண்ணனைத் தெரிந்துவிடுகிறது. வாட்ச்மேனுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுகூடத் தெரிகிறது. பிளேஸ்மென்ட் ஆபீசரை மட்டும் கடைசி வருடத்தில்தான் நம் மாணவர்கள் முதன்முதலாக நேரில் பார்க்கிறார்கள். ஆய்வுலகம் கண்டுகொள்ளாமல் விட்ட இக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்தைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். பிரம்மதேசங்கள் பல. செய்யாறு பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரத்துக்கு அருகே இன்னொன்று. நாம் எடுத்துக்கொண்டது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருப்பது. கிழக்கே போனால் உப்பளம், மேற்கே போனால் கல்லூரி. ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. காரணம் இலக்கியத்தில் இருக்கிறது.

வேலை வழிகாட்டுதல் 1908-ல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் திறந்த அலுவலகத்தில் தொடங்கியது என்று மேனாட்டார் எழுதுவர். இதை நாம் ஏற்பதற்கில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்பும் ஒருவர், வாங்காதவரைப் பார்த்து எந்த வழியாகப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், என்ன கிடைக்கும் என்று விவரமாகச் சொல்வது. வேலை கிடைத்த சீனியர் ஜூனியருக்குச் சொல்வதும் இதைத்தானே? அதிலும் சிறுபாணாற்றுப்படை முழுக்க நம் பகுதிச் சரக்கு. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. பாடப்பட்டவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. பாட்டில் வரும் கிடங்கில் என்ற ஊர் இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்டது. ஆக, 269 அடியும் ஏறக்குறைய இன்றைய பஸ் ரூட்.

வேறுபாடுகளும் உண்டு. பாணனுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைத்தது; ஆமூரில் சோற்றோடு நண்டு கிடைத்தது. இன்றைய மாணவருக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும். நல்லியக்கோடன் பாணனிடம் ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கா’ என்று கேட்டதற்கும் நூலில் சான்று இல்லை.

இனி ஆய்வுப்பொருள். பிளேஸ்மென்ட் சார் பல கல்லூரிகளில் தனிப் பதவி அல்ல. மெக்கானிக்கலோ கணிதமோ நடத்துகிறவருக்குக் கூடுதல் பொறுப்பு. 2022 மார்ச் 1-ல் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தபின் அந்தப் பயிற்சிகளுக்குப் பெயர் சேர்க்கும் வேலையும் பல இடங்களில் அவர் தலையில்தான். அறையைப் பார்த்தால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். போன வருடத்து ஆஃபர் லெட்டர் பிள்ளைகளின் ஃபிளெக்ஸ், மேசையில் நூல் சுற்றிய ரெஸ்யூம் கட்டு, கதவுக்குப் பின்னால் ஆணி. ஆணியில் ஒரு நீல நிற டை, முடிச்சுப் போட்டபடியே தொங்கும். இன்டர்வியூவுக்குப் போகிறவன் தலைவழியாக மாட்டி இறுக்கிக்கொள்வான். வெளியே வந்ததும் தளர்த்தி அடுத்தவனுக்குக் கொடுப்பான். அந்த முடிச்சை யார் எந்த வருடம் போட்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

அறிமுகம் எப்போதும் ஒரே வடிவில் நிகழ்கிறது:

“எந்த ஊருப்பா?”

“பிரம்மதேசம் சார்.”

“செய்யாறா?”

“இல்ல சார், மரக்காணம் ரோடு.”

“அரியர்?”

பெரும்பாலான அறிமுகங்கள் இந்த ஐந்தாம் வரியோடு முடிகின்றன.

பருவமும் இதில் குறுக்கிடுகிறது. மரக்காணத்தில் தை, மாசி வாக்கில் தொடங்கும் உப்பு வாரல் வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றுவிடும். பாத்தியில் மழைத் தண்ணீர் நிற்கும் அந்த மாதங்களுக்காகத்தான் அரசு உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கேம்பஸ் டிரைவ் சூடு பிடிப்பதும் அதே மாதங்களில். வீட்டில் கூலி நின்றிருக்கும் நேரத்தில்தான் பிள்ளைக்கு ஃபார்மல் ஷூ, சென்னைக்குப் பஸ் காசு என்று செலவு வரிசை கட்டும். வீட்டில் இந்தக் காசைக் கேட்கத் தயங்கித்தான் சில மாணவர்கள் பிளேஸ்மென்ட் அறைக்கே வருவதில்லை. ‘ஆர்வம் இல்லாதவர்கள்’ என்று அவர்கள் பதிவேட்டில் ஏறுகிறார்கள். இந்த இடத்தில் ஆய்வாளருக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆய்வு நெறி கருதி மேலே செல்வோம்.

எவ்வளவு பழகலாம் என்பது அடுத்த கேள்வி. இதற்குச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரையே துணை. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னோர் 16.7 விழுக்காடு. எப்போதாவது, 55.6. அபூர்வமாக, அதாவது வருடத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவு, 27.8. நெருங்கினவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்து ஆளிடமிருந்துதான் புதுச் செய்தி வரும் என்பது அவர் விளக்கம். வாரத்துக்கு இரண்டு தடவைக்குக் குறையாமல் பார்ப்பதைத்தான் அவர் ‘அடிக்கடி’ என்றார். ஆகவே தினமும் அந்த அறை வாசலில் நின்று “குட் மார்னிங் சார்” சொல்பவர், அறிவியல்படி, தம் வாய்ப்பைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். ஒரு தடவைகூடப் போகாதவருக்கு இக்கோட்பாடு பொருந்தாது. அவர் எந்த விழுக்காட்டிலும் வரமாட்டார்.

சோதனையாக ஒரு மாணவரை அனுப்பி, அரியர் கேள்விக்கு முன்னால் சாரையே ஒரு கேள்வி கேட்கச் சொன்னோம். “சார், உங்களுக்கு யார் சார் இந்த வேலையச் சொன்னது?”

சார் ரெஸ்யூம் கட்டைக் கீழே வைத்தார். “எங்க மாமாவோட பழைய ரூம்மேட்டுப்பா. இங்க போஸ்ட் காலியா இருக்குன்னு போன் பண்ணாரு. அதுக்கப்புறம் அவர ஒரே ஒரு கல்யாணத்துல பார்த்ததோட சரி.” பிறகு நாற்காலியைக் காட்டி, “உக்காரு. பிரம்மதேசத்துல எங்க?” என்றார்.

27.8-ல் சேர்க்க.