பரேராவும் மூன்று கஃபீல்களும்

வளைகுடாவுக்குப் போனவர்கள் எல்லாரும் கொத்தனார், டிரைவர் என்று யார் சொன்னது? 1970-களில் பிரேசிலிலிருந்து கால்பந்து சொல்லிக்கொடுக்கவே ஒரு கோஷ்டி கிளம்பிப்போனது. மூத்தவர் மரியோ ஜகாலோ. சீடர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரேரா. 1970இல் பிரேசில் உலகக் கோப்பை வென்றபோது வீரர்களுக்கு உடற்பயிற்சி கொடுத்தவர். தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. நம்மூராக இருந்தால் 'பி.டி. வாத்தியார்' என்று ஓரங்கட்டியிருப்பார்கள்.

குவைத் ஓரங்கட்டவில்லை; அதுதான் முதல் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி. 1980இல் ஆசியக் கோப்பையை வாங்கித் தந்தார். 1982இல் உலகக் கோப்பைக்கே கூட்டிப்போனார். அங்கே பிரான்ஸ் 3-1 என்று முந்தியிருந்த நேரம், கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். நடுவர்தான் ஊதினார் என்று குவைத்காரர்கள் நின்றுவிட, பிரான்ஸின் ஜிரெஸ் நோகாமல் கோல் போட்டார். கேலரியிலிருந்து மைதானத்துக்கே இறங்கிவிட்டார் அர்பாப்: அமீரின் தம்பி, கால்பந்துச் சங்கத் தலைவர் ஷேக் ஃபஹத். சோவியத் நடுவர் கோலை ரத்து செய்தார்! சைட்டுக்கு முதலாளியே வந்தபின் ஃபோர்மேனுக்கு என்ன வேலை? பிரான்ஸ் அலட்டிக்கொள்ளாமல் இன்னொன்று போட்டு 4-1 ஆக்கியது.

அடுத்த கஃபீல் அமீரகம். 1990 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற வைத்தது குரு ஜகாலோ. இத்தாலிக்குக் கிளம்புமுன் அவர் விசா கேன்சல். போனது சீடர். கோல் போட்டால் ரோல்ஸ் ராய்ஸ் என்று ஊரெல்லாம் பேச்சு. மூன்று ஆட்டத்தில் வாங்கியது 11, போட்டது 2. கஜானாவுக்குப் பெரிய சேதமில்லை.

1994இல் பிரேசிலுக்கு உலகக் கோப்பையையே வென்று கொடுத்தார். அந்த மரியாதை 1998 உலகக் கோப்பையில் மூன்றாவது கஃபீலான சவுதியிடம் செல்லவில்லை. பத்து வருஷம் முன்பு அவர்களுக்கு ஆசியக் கோப்பை வாங்கித் தந்ததும் கணக்கில் வரவில்லை. டென்மார்க்கிடம் 0-1, பிரான்ஸிடம் 0-4. மூன்றாவது ஆட்டத்துக்குள் எக்ஸிட் அடித்துவிட்டார்கள். நோட்டீஸ் பீரியடாவது, மண்ணாவது!

2006இல் மீண்டும் பிரேசில்; காலிறுதியில் 1-0 என்று வழிமறித்தது, வேறு யார், பிரான்ஸ்தான்.

2010இல் தென்னாப்பிரிக்கா. அவருக்கு ஆறாவது உலகக் கோப்பை, ஐந்தாவது அணி. போட்டியை நடத்தும் நாடே முதல் சுற்றில் வெளியேறியது அதுவே முதல்முறை. பின்னாளில் கத்தார் துணைக்கு வந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் கடைசி ஆட்டத்தில் பரேரா பிரான்ஸை 2-1 என்று சாய்த்துவிட்டார். பிரெஞ்சு கோச் தொமெனெக் கைகொடுக்க மறுத்தார். 28 வருஷமாக நிலுவையில் கிடந்த ஃபைனல் செட்டில்மென்ட் வந்துசேர்ந்தபின், கைகொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன!