எப்படியும் வருவான்

ஒரு மனிதனின் அன்பை இன்னொருவர் எவ்வளவு ஆழமாக அறிந்துவைத்திருக்க முடியும் என்று யாராவது கேட்டால், நான் இங்கிலாந்தின் கால்பந்து நிர்வாகத்தைக் காட்டுவேன். தன் அணி வெளியூரில் ஆடும்போது கூடவே கிளம்பிப் போகிறானே, அந்த ரசிகனை அவன் மனைவி மக்கள்கூட இத்தனை துல்லியமாகப் படித்திருக்க மாட்டார்கள். எந்தக் கிழமையில் வைத்தாலும் வருவான், நேரத்தை மாற்றினாலும் வருவான், மழையில் நிறுத்தினாலும் நிற்பான், ஐந்து கோல் வாங்கித் தோற்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுவான். இவ்வளவும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வீணாக்காமல் பயன்படுத்தவும் தெரியும்.

அவே மேட்ச் எனப்படும் வெளியூர் ஆட்டம் அங்கே தனி உலகம். பிரீமியர் லீக் விதிப்படி, விருந்தாளி அணியின் ரசிகர்களுக்கு 3,000 இருக்கை ஒதுக்க வேண்டும். மைதானம் சிறியதென்றால் மொத்த இருக்கையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மூலையில் அடைபட்ட அந்தக் கொஞ்சம் பேர்தான் பல நேரம் மைதானம் முழுவதற்கும் சேர்த்துப் பாடுகிறார்கள். 2020இல் தொற்றுக் காலத்தில் காலி மைதானங்களில் ஆட்டம் நடந்தபோது, தொலைக்காட்சிகள் பதிவுசெய்த கூட்டத்தின் இரைச்சலைப் படத்தோடு சேர்த்து ஒலிபரப்பின. ஒருவன் குரலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா? ஆள் வர முடியாத நாளிலும் அவன் சத்தம் இல்லாமல் அவர்களால் விற்க முடியவில்லை. அந்த அருமை தெரிந்தவர்களை நம்பி முதல் முறையாகக் கிளம்புகிறவருக்குச் சில செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலில் டிக்கெட். 2016-17 பருவத்திலிருந்து பிரீமியர் லீகில் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. நல்ல விதி, மனதாரப் புகழ்கிறேன். அதைக் கொண்டுவந்தவர்களின் பொறுமையையும் புகழ வேண்டும். 2013 ஜனவரியில் அர்செனல் மைதானத்தில் ஒரு டிக்கெட்டுக்கு 62 பவுண்டு என்று விலை வைத்தபோது, மான்செஸ்டர் சிட்டி தனக்கு வந்த ஒதுக்கீட்டில் 900க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை விற்க முடியாமல் திருப்பி அனுப்பியது. ரசிகர் அமைப்புகள் இருபது பவுண்டு போதும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டன. எல்லாவற்றையும் கேட்டு, நிதானமாக யோசித்து, முப்பதில் நிறுத்தினார்கள்.

அடுத்தது பயணம். இங்கேதான் இவர்களின் ஆற்றல் முழுதாக வெளிப்படுகிறது. பருவத்தின் ஆட்ட அட்டவணை ஜூன் மாதம் வருகிறது. அதில் உங்கள் ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்றிருக்கும். நம்பி ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அந்த நாட்டில் மலிவான ரயில் டிக்கெட் முன்பதிவு டிக்கெட்தான். வேண்டாமென்றால் பணம் திரும்ப வராது. பிற்பாடு தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைப் பொறுக்கி எடுக்கும். சனி பகல் பன்னிரண்டரை, ஞாயிறு நாலரை, திங்கள் இரவு எட்டு என்று ஆட்டத்தின் நேரம் மாறும். 2025 முதல் 2029 வரையிலான நான்கு பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 670 கோடி பவுண்டுக்குப் போயிருக்கிறது. அவ்வளவு பெரிய தொகைக்குப் பேசி முடிக்கிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது. அந்தத் தொகையில் ஒரு துளி, தேதி மாறியதால் ரயில் டிக்கெட்டை இழந்தவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பும் எல்லாருக்கும் வராது.

நியூகாசில் ரசிகர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் நாட்டின் வடகிழக்கு மூலை; போர்ன்மத் தெற்குக் கடற்கரை. சாலை வழியாகச் சுமார் 350 மைல். சனிக்கிழமை என்றால் விடியலில் கிளம்பி நள்ளிரவுக்குள் வீடு திரும்பலாம். திங்கள் இரவு என்றால் அன்றைக்கு ஒரு நாள் விடுப்பு, மறுநாளும் ஒரு நாள் விடுப்பு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. அப்படியும் அவர் போகிறார், வெளியூர் ரசிகர்களின் பகுதி நிறைந்துவிடுகிறது. நிறைந்திருப்பதைப் பார்த்து, யாருக்கும் சிரமமில்லை என்ற முடிவுக்கு வருகிற தெளிவு நிர்வாகத்துக்கு இருக்கிறது.

2023இல் இன்னொரு படி ஏறினார்கள். உல்வர்ஹாம்ப்டன், செல்சி ஆட்டத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், டிசம்பர் 24க்கு மாற்றினார்கள். 1995க்குப் பிறகு அந்த நாளில் பிரீமியர் லீக் ஆட்டம் நடந்ததில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக யாரும் தொடத் துணியாத நாள் அது. அன்று மாலை ரயில்கள் சீக்கிரமே நின்றுவிடும். மறுநாள் நாடெங்கும் ரயிலே ஓடாது. லண்டனிலிருந்து போன செல்சி ரசிகர்கள் 2-1 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு, குடும்பம் காத்திருக்கும் வீட்டுக்கு எப்படியோ திரும்பினார்கள். வருவார்கள் என்று கணித்தார்கள், வந்தார்கள். கணக்கில் இவர்களை வெல்ல ஆளில்லை.

மைதானத்துக்குள் போகும்போது முழங்கால் நன்றாக இருக்கட்டும். நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வெளியூர் ரசிகர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்ட இடம் ஏழாவது மட்டத்தின் உச்சி; பதினான்கு அடுக்குப் படிக்கட்டு ஏற வேண்டும். விருந்தாளிக்கு வீட்டிலேயே உயர்ந்த இடம். லூட்டனின் கெனில்வொர்த் ரோடு நேர்மாறு. வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டு வாசல் போன்ற இடத்தில் நுழைந்து, கொல்லைப்புறத் துணிக்கொடிகளுக்கு மேலே படியேறிப் போவீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1905 முதல் அங்கேயே ஆடிவரும் ஏழைச் சங்கம் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கிறது. உள்ளவர்கள் கொடுப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பியர் வேண்டும் என்கிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, களம் கண்ணில் படும் இடத்தில் கால்பந்து ரசிகர் மது குடிக்கக் கூடாது. ஆட்டத்துக்குப் போகும் வாடகைப் பேருந்திலும் கூடாது. அதே மைதானத்தில், அதே இருக்கையில் ரக்பி பார்க்க வருகிறவர் குடிக்கலாம். மனிதனை முகம் பாராமலே எடைபோட்டுவிடும் இந்தத் திறமை நாற்பது ஆண்டாக மங்கவில்லை.

இந்தத் திறமையின் உச்சத்தை 2022 மே 28 அன்று பாரிஸில் பார்த்தோம். லிவர்பூலும் ரியல் மாட்ரிடும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ஸ்டாட் டி பிரான்ஸ் வாசலில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கடியில் சிக்கினார்கள். காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசினார்கள், குழந்தைகளோடு வந்தவர்களும் அதில் தவித்தார்கள். உள்ளே திரையில் அறிவிப்பு உடனே வந்துவிட்டது: ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தள்ளிப்போகிறது. விசாரணை இல்லாமல், சாட்சி இல்லாமல், நிமிடங்களில் தீர்ப்புச் சொன்ன வேகம் எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது. போலி டிக்கெட்தான் காரணம் என்று பிரெஞ்சு அமைச்சர் ஒருவரும் சொன்னார். போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஇஎஃப்ஏ தானே அமர்த்திய சுயேச்சைக் குழு 2023 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. முதன்மைப் பொறுப்பு யுஇஎஃப்ஏவுடையது என்றது அறிக்கை. பழி திரையில் ஏற நிமிடங்கள் போதுமாயிருந்தன. இறங்க எட்டு மாதத்துக்கு மேல் ஆனது.

அது லிவர்பூல்காரர்களுக்குப் புதிதில்லை. 1989 ஏப்ரல் 15 அன்று எஃப்ஏ கோப்பை அரையிறுதிக்காக அவர்கள் ஷெஃபீல்டுக்குப் போனார்கள். ஹில்ஸ்பரோ மைதானத்தின் லெப்பிங்ஸ் லேன் முனையில், நின்று பார்க்கும் பகுதிக்கான சுமார் 10,000 பேருக்கு ஏழே ஏழு சுழல்வாயில்கள். வெளியே நெரிசல் முற்றியதும் காவல்துறை ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. உள்ளே ஏற்கெனவே நிறைந்திருந்த கம்பிக்கூண்டுகளுக்குப் போகும் வழியை அடைக்கவில்லை. ஆட்டம் பார்க்கப் போன 97 பேரின் உயிரை அந்த நெரிசல் பறித்தது. கதவை ரசிகர்களே உடைத்தார்கள் என்று காவல்துறை அன்று பிற்பகலே பொய் சொன்னது. பிறகு காவலர்களின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டன. காவல்துறைக்குப் பாதகமான வரிகள் 116இல் நீக்கப்பட்டன. ஒவ்வொரு தாளையும் எடுத்து, படித்து, சொல் சொல்லாகச் சரிபார்த்த அக்கறை. அந்த அக்கறையில் பாதி அந்தக் கதவருகே இருந்திருந்தால் போதும், அத்தனை வீடுகளிலும் அன்றிரவு விளக்கு எரிந்திருக்கும்.

அன்று விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, அவற்றைத் தூக்குப்படுக்கையாக்கி, அடிபட்டவர்களைக் களத்தின் மறுமுனைக்குச் சுமந்து ஓடியவர்கள் அந்த ரசிகர்கள்தான். அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணையின் ஜூரி சொன்னது 2016இல். இருபத்தேழு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. எப்படியும் வருவார்கள் என்பதைப் போலவே எப்படியும் காத்திருப்பார்கள் என்பதும் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு அறிந்தவர்களிடம் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. அடுத்த முறை ஓர் ஆட்டத்தின் நேரத்தை மாற்றுவதற்குமுன், ரயில் கால அட்டவணையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். திங்கள் இரவு பத்து மணிக்குப் போர்ன்மத்தில் ஆட்டம் முடியும்போது, நியூகாசில் போய்ச் சேர அன்றைக்கு ரயில் கிடையாது.