மரைக்குத் தடவாத மருந்து

எங்கள் வீட்டில் நகை வைத்திருக்கும் பீரோவுக்குப் பூட்டு சரியில்லை. ஆனால் ஆன்டி-சீஸ் டின் இருக்கும் பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டே போட்டிருக்கிறேன். டின்னை யாரும் களவாடிவிடுவார்கள் என்ற பயமில்லை. யாராவது திறந்துவிடுவார்கள் என்றுதான் பயம்.

ஆன்டி-சீஸ் என்பது கிரீஸில் அலுமினியம், செம்பு, நிக்கல், கிராஃபைட் இவற்றில் ஏதாவது பொடியைக் குழைத்த பசை. செம்பு கலந்ததை ‘காப்பர் கிரீஸ்’ என்று கேட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். போல்ட்டின் மரையில் தடவி முடுக்கினால், வருஷக்கணக்கில் வெந்தாலும் நனைந்தாலும் இறுகாமல் கழன்று வரும். ஸ்பார்க் பிளக் மாட்டும்போதும் இதைத் தடவ வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டேன். காரணமும் போட்டிருந்தார்கள். பிளக்கின் உடம்பு இரும்பு. அது உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் கிடந்து, ஈரமும் கரியும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு கழற்றினால் பிளக் தனியாக வராது, ஹெட்டின் மரையையும் சுருள் சுருளாக உரித்துக்கொண்டு வரும். அதன்பின் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு லேத்துப் பட்டறைக்கு ஓடி, ஹெலிகாயில் என்ற மாற்று மரைச் சுருளைப் போட்டுத் தரச் சொல்லிக் காத்துக் கிடக்க வேண்டும்.

அன்றைக்கு இரவு தூக்கம் போய்விட்டது. போர்டிகோவில் நிற்கும் என் மாருதி 800-இல் மூன்று சிலிண்டர், மூன்று பிளக். மூன்றும் இறுகுகிற சத்தம் படுக்கையறை வரை கேட்டது.

டின் வந்து சேர்ந்தது. ஒரு பிளக்குக்குப் பாசிப்பயறு அளவு பசை போதுமாம். அந்தக் கணக்கில் அரை டின் என் காலத்துக்கு, மீதி பேரன் காலத்துக்கு. பேரன் ஓட்டப்போவது பேட்டரி கார், அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பது பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன். தடவவில்லை, தொடவில்லை, திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். கட்டைவிரல் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஏதோ மினுங்கியது. வேட்டியில் துடைத்தேன். வேட்டிக்கு ஜரிகை வந்தது, விரலிலிருந்து போகவில்லை. பிறகு அது கதவுக் கைப்பிடி, ஃபிரிட்ஜ், டி.வி. ரிமோட் என்று வரிசையாகப் போய், மகளின் கணக்கு நோட்டு அட்டையில் ஐந்து விரலாக விழுந்தது. வியர்வையைத் துடைத்ததில் நெற்றிக்கும் ஏறிவிட்டது. குழைத்த விபூதி மாதிரியே இருக்குமா, எதிர் வீட்டு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, “பிரதோஷமா இன்னைக்கு? மறந்தே போச்சு பாருங்க” என்றார். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான் கோயிலுக்குப் போவேன் என்று நம்புகிற கடைசி மனிதர் அவர்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு, புது பிளக் வாங்கும் முன் அதைச் செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். என்.ஜி.கே. நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது: தடவாதீர்கள். இப்போது வரும் பளபளப்பான பிளக்குகளுக்கு மரையில் முலாம் பூசியேதான் அனுப்புகிறார்கள், துருவைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கறுப்பு உடம்போடு வந்த பழைய ரகப் பிளக்குகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. பசை தடவுகிற பழக்கம் அந்தக் காலத்துச் சொத்து, என்னைப் போன்றவர்கள் மூலம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தடவினால்தான் என்ன கெட்டுவிடும் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். அளவு பார்த்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் அளப்பது திருப்பும்போது கைக்குத் தெரிகிற எதிர்ப்பை மட்டும்தான், மரை எவ்வளவு இழுபட்டது என்பது அதற்குத் தெரியாது. மரை வழுக்கினால் அதே அளவு காட்டும்போது பிளக் கூடுதலாக முடுக்கப்பட்டிருக்கும். கணக்கு 20 சதவீதம் வரை பிசகும் என்கிறார்கள். பிளக்கின் உலோக உடம்பு நீண்டு, ஒருநாள் கழற்றும்போது பாதி கையிலும் பாதி ஹெட்டிலுமாக நிற்கும். எது நடக்கக் கூடாதென்று டின் வாங்கினேனோ அதை டின்னே நடத்திவைக்கும். போதாததற்குப் பசையில் இருப்பது உலோகப் பொடி. பிளக்கின் நுனியில் ஒட்டினால் மின்பொறி தாவ வேண்டிய இடத்தில் தாவாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை நான் ஆசையோடு பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவில் 2004-ஐ ஒட்டி வந்த ஃபோர்டு பிக்கப்களின் 5.4 லிட்டர் மூன்று வால்வு இன்ஜினில் பிளக்குக்கு மரைக்குக் கீழே நீளமான ஒரு குழல். அதைக் கரி கவ்விக்கொள்ள, கழற்றும்போது குழல் உள்ளேயே ஒடிந்து தங்கியது. அதை எடுப்பதற்கென்றே தனிக் கருவி விற்றார்கள். புது பிளக் போடும்போது நிக்கல் ஆன்டி-சீஸ் தடவச் சொன்னது ஃபோர்டேதான், அதுவும் அந்தக் குழலில் மட்டும், மரையில் அல்ல. என் டின்னுக்கு நியாயம் கிடைக்க நான் அமெரிக்கா போய் பழைய பிக்கப் வாங்க வேண்டும். வீட்டில் சொன்னேன். “அதுக்கு முன்னாடி ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க” என்றாள்.

யோசித்தால், பஜாஜ் சேத்தக் காலத்தில் இந்தக் கவலை யாருக்கு இருந்தது? சிக்னலில் வண்டி நின்றால் பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு, நாலு உதை. அப்படியும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, மாட்டினால் தீர்ந்தது. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி ஓயாது. பிளக் உள்ளே இருந்த நேரத்தைவிடச் சட்டைப் பையில் இருந்த நேரம் அதிகம், அது எங்கே இறுகுவது? இன்றைக்கு இரிடியம் பிளக் லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. தொந்தரவே தராத வண்டியில்தான் பிளக் வருஷக்கணக்காகத் தொடப்படாமல் கிடந்து இறுகுகிறது. என் அப்பா ரோட்டோரத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கற்ற வித்தையை நான் ஏ.சி. அறையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியில் பிளக் மாற்றியது மெக்கானிக்தான். நான் பக்கத்தில் நின்று விரிவுரை ஆற்றினேன். “14 மில்லிமீட்டர் மரை, அலுமினிய ஹெட், 25-லேருந்து 30 நியூட்டன் மீட்டர்…” அவர் காதில் வாங்காமல், பிளக்கின் பீங்கான் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் டியூபைச் செருகினார். டியூபைப் பிடித்துத் திருப்பியே பிளக்கை உள்ளே விட்டார். மரை குறுக்கே ஏறினால் டியூப் கையில் வழுக்கும், மரை பிழைக்கும். விரலால் போகிற வரை போன பிறகுதான் ஸ்பேனர்.

“வாஷர் உக்காந்திடுச்சு சார். இனிமே அரைச் சுத்துக்கு மேல கொஞ்சம். அவ்ளோதான்.”

தயாரிப்பாளர்கள் புது பிளக்குக்குச் சொல்வதும் அதுவே, அரையிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. நான் ராத்தூக்கம் கெட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, “அதுக்குத்தான் சார் உங்களக் காலைலயே வண்டிய விட்டுட்டுப் போகச் சொன்னேன்” என்றார்.

டின் என்ன ஆயிற்று என்று வீட்டில் விசாரணை வந்தது. “இறுகாம இருக்கத் தடவுறதுதானே? ஊறுகாய் பாட்டில் மூடிக்குத் தடவலாமா?” என்றாள். உலோகப் பொடி, வயிற்றுக்கு ஆகாது என்று விளக்கி, மூடியை நானே திறந்து தருவதாக வாங்கினேன். முகம் சிவக்க முறுக்கியும் அசையவில்லை. மகள் வந்து மூடியை வெந்நீரில் காட்டித் திறந்துவிட்டுப் போனாள்.

மெக்கானிக்குக்கு விஷயம் தெரிந்ததும் குரலில் ஒரு மரியாதை வந்தது. “அந்த டின்ன இங்க போடுங்க சார். சைலன்சர் போல்ட்டுக்கு அருமையா இருக்கும்.” உண்மைதான், அந்தப் பசைக்கு ஏற்ற இடம் அதுதான். ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. வேண்டுமானால் ஒரு ஃபிலிம் டப்பாவில் கொஞ்சம் வழித்துத் தருகிறேன் என்றேன்.

“ஃபிலிம் டப்பாவா? அதெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க?”

வைத்திருக்கிறேன். அது வேறு பெட்டி.