குடும்ப எஸ்யூவியும் கொட்டும் பனியும்: புறப்படுதலுக்கும் நிற்றலுக்கும் இடையிலான முரண் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வெல்லை

டொராண்டோ பெருநகரப் பகுதியில், குறிப்பாகத் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் ஆகிய இடங்களில், நவம்பர் தொடங்கி மார்ச் முடிய ஒரு குடும்பத் தலைவருக்கும் அவருடைய எஸ்யூவிக்கும் இடையே நிலவும் உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. வின்னிபெக் போன்ற கடுங்குளிர் நகரங்கள் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. அங்கே இரவில் வண்டியின் எஞ்சினுக்கே மின்கம்பி மாட்டிச் சூடேற்றுகிறார்கள். அவர்கள் முன்னிலையில் டொராண்டோக்காரர் குளிரைப் பற்றிப் பேசுவது அவையடக்கம் ஆகாது. 1999 ஜனவரியில் பனி குவிந்தபோது அன்றைய மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தை உதவிக்கு அழைத்ததும், அதற்காக நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் இன்றும் இந்நகரைக் கிண்டல் செய்வதும் கருத்தில் கொள்ளப்பட்டுள்ளன.

எஸ்யூவி என்பதற்கு இவ்வாய்வு கொள்ளும் வரையறை: ஏழு இருக்கை இருக்க வேண்டும். மூன்றாம் வரிசையில் உட்கார யாரும் விரும்பக் கூடாது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போக வேண்டும். அதை ஊரறியச் சொல்லும் ஏடபிள்யூடி என்ற எழுத்துகள் பின்கதவில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பனி விழுந்த காலையில் தலைவர் முதலில் துடைப்பது இந்த எழுத்துகளைத்தான். பின்கண்ணாடி அதற்கு அப்புறம்.

2. முன்னோர் கருத்துகள்

இத்துறையில் இரண்டு மரபுகள் உள்ளன. முதலாவது பெரியப்பா மரபு. பின்சக்கர இழுவையுள்ள பழைய காரின் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றி ஓட்டிய தலைமுறையினர் இதன் ஆசிரியர்கள். "நாங்கள் ஓடாத ஸ்னோவா?" என்பது இம்மரபின் மூலபாடம். எஸ்யூவி வெறும் பகட்டு என்பது அதன் முடிபு. இரண்டாவது அத்தான் மரபு. "இது டாங்கி மாதிரி. எந்த ஸ்னோவுக்கையும் போகும்" என்பது இதன் மூலபாடம். இவ்விரு மரபினரும் பிறந்தநாள் விழாக்களில் சந்தித்து வாதிட்டுவருகின்றனர். கேக் வெட்டியதும் வாதம் ஒத்திவைக்கப்படும்.

இருவரும் மறந்த முன்னோடி ஒருவர் உண்டு. கியூபெக்கின் வல்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு உடல்நலம் குன்றியது. சாலையெல்லாம் பனி அடைத்துக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க முடியாமல் குழந்தை இறந்தது. 1937-இல் அவர் பனிமேல் ஓடும் ஏழு பேர் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் பன்னிரண்டு பேர் வண்டியும் வந்தது. முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைகள், பக்கங்களில் வட்ட ஜன்னல்கள். பள்ளிப் பிள்ளைகளும் டாக்டர்களும் தபாலும் அதில் போனார்கள். பனிக்காலக் குடும்ப வண்டி என்ற பட்டத்துக்கு உரியது அதுவே. 1948-இல் கியூபெக் அரசு நெடுஞ்சாலைகளில் பனியை அகற்றத் தொடங்கியதும் அவ்வண்டியின் விற்பனை சரிந்தது. 1959-இல் அவர் ஸ்கிடூ என்ற சிறு பனிவண்டிக்கு மாறினார்.

இந்த வரலாறு நமக்கு ஓர் உண்மையைத் தருகிறது. பனிமேல் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி, சாலை துப்புரவானதும் ஓய்வு பெற்றுவிட்டது. துப்புரவான சாலையில் பிறந்தது நம் எஸ்யூவி. அதன் பனிவீரத்தில் பெரும்பங்கு, விடியுமுன் நீல விளக்கு மின்ன உப்பைத் தூவிக்கொண்டு போன பனி தள்ளும் வண்டியுடையது.

3. புறப்பாட்டியல்

நான்கு சக்கர இழுவை என்பது புறப்படுவதற்கான கலை. குடும்ப எஸ்யூவிகளில் பலவும் பெரும்பாலான நேரம் முன்சக்கர இழுவையிலேயே ஓடுகின்றன. முன்சக்கரம் வழுக்கினால் உணரிகள் அதைக் கண்டுகொள்ளும். உடனே ஒரு கிளட்ச் இறுகி, இழுவையின் ஒரு பகுதி பின்சக்கரங்களுக்குப் போகும். ஓட்டுபவருக்கு இது தெரிவதேயில்லை. அவருக்குத் தெரிவது பெருமிதம் மட்டும்.

இப்பெருமிதம் உச்சம் பெறும் இடம் டிரைவ்வேயின் வாசல். வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் சவலால் அள்ளி முடித்துத் தேநீர் குடிக்க உள்ளே போகும் தருணத்தில், மாநகரத்தின் பனி தள்ளும் வண்டி தெருவோடு வந்து வாசலில் ஒரு வரப்பை வைத்துவிட்டுப் போகும். சிறு கார் இந்த வரப்பில் வயிறு தட்டி நிற்கும். எஸ்யூவியோ தரைக்கு மேல் உயரம் கூடியது. நான்கு சக்கரமும் உந்த, வரப்பை ஏறி இறங்கித் தெருவை அடையும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாரா என்று தலைவர் உறுதிசெய்துகொள்வார்.

ஏறுவதைக் கொண்டாடும் வழக்கம் புதிதல்ல. 1986-இல் ஆடி நிறுவனம் தன் நான்கு சக்கர இழுவைக் காரைப் பின்லாந்தில் ஒரு பனிச்சறுக்குத் தாவுமேடையின் செங்குத்தான சரிவில் ஏறவிட்டு விளம்பரப்படம் எடுத்தது. உலகம் வாய் பிளந்தது. சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்ற காரைப் படமெடுத்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

இங்கே ஆய்வின் கருதுகோள் பிறக்கிறது. வாசலில் சக்கரம் வெறுமனே சுழன்று வண்டி நகர மறுப்பதுதான், பனி மனிதனுக்குத் தரும் முதல் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைக் கேட்டவர் வேலைக்குப் போன் போட்டு லீவு சொல்லி, மறுபடி போர்வைக்குள் புகுந்தார். எஸ்யூவி அந்த எச்சரிக்கையை நீக்கிவிட்டது. ஆபத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது.

4. நிறுத்தவியல்

நான்கு சக்கர இழுவை சில வண்டிகளுக்கு மட்டுமே உண்டு. நான்கு சக்கர பிரேக்கோ எல்லாக் கார்களுக்கும் உண்டு, பெரியப்பாவின் பழைய கார் உட்பட. நிற்கும் விஷயத்தில் எஸ்யூவிக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

"இது பாரமான வண்டி. ரோட்டை நல்லா அமத்திப் பிடிக்கும்" என்பார் அத்தான் மரபினர். இதைக் கணக்கால் சோதிப்போம். வண்டியின் நிறை கூடினால் சாலையோடு உள்ள உராய்வு கூடும் என்பது உண்மை. ஓடும் வண்டியைத் தடுத்து நிறுத்தத் தேவையான வேலையும் அதே அளவில் கூடும் என்பதும் உண்மை. சமன்பாட்டின் இருபுறமும் நிறை வருகிறது. இருபுறமும் அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது வேகத்தின் இருமடியும் உராய்வுக் கெழுவும் மட்டுமே.

உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு சுமார் 0.7 என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி சுமார் 14 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் கெழு 0.2 என்றால் 49 மீட்டர் வேண்டும். கண்ணாடிபோல் உறைந்த ஐஸில் 0.1 என்றால் 98 மீட்டர். மிதிக்க முடிவெடுக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. இரண்டு டன் எஸ்யூவிக்கும் ஒரு டன் சிறு காருக்கும் இதே கணக்குதான். முன்னால் நிற்கும் வண்டிக்காரருக்கு மட்டும் இரண்டு டன்னுக்கும் ஒரு டன்னுக்கும் வேறுபாடு தெரியும்.

ஏபிஎஸ் காப்பாற்றாதா? அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுத்து, பிரேக் மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப வழி செய்கிறது. பொலபொலவென்ற பனியில் நிற்கும் தூரம் அதனால் சற்றுக் கூடவும் கூடும். ஏனென்றால் பூட்டிய சக்கரம் தன் முன்னால் பனியைக் குவித்து அணை போட்டுக்கொள்ளும். உருளும் சக்கரத்துக்கு அந்த அணை இல்லை. கனடாவில் 2011 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாகிய மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும், இருக்கிற உராய்வைப் பங்கிட்டுத் தருமே தவிர, இல்லாத உராய்வை உண்டாக்காது.

5. டயர் அதிகாரம்

வண்டியில் உராய்வைக் கூட்டும் ஒரே பொருள் டயர். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் மேல் உள்ள நுண்ணிய கீற்றுகள் பனியைக் கவ்வும். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்திருந்தால் அது சோதனையில் தேறிய டயர்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோ இதை மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. மனச்சாட்சிக்குத் துணையாக, குளிர்கால டயர் போட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி வைத்தது. இருந்தும் நம் ஆய்வுக்குரிய தலைவர் தயங்குகிறார். நான்கு சக்கர இழுவைக்கு மகிழ்ச்சியோடு கூடுதல் பணம் கட்டியவர், நான்கு டயருக்குக் கட்டும்போது, "நாலு சக்கரமும் இழுக்குது. பிறகென்னத்துக்கு?" என்கிறார். புறப்பட உதவும் பொருளுக்குச் செலவழிக்கும் கை, நிற்க உதவும் பொருளிடம் வந்ததும் மூடிக்கொள்கிறது.

முதல் குளிர் இரவுக்கு மறுநாள் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரியும். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்க இறங்க டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ வீதம் குறையும் என்பது இயற்கை. "சென்சர் பழுது" என்பது தலைவரின் விளக்கம்.

6. உள்ளிருப்போர் இயல்

பனிக்கால எஸ்யூவியில் இயந்திர உறுப்புகளைவிட மனித உறுப்புகளே நுட்பமானவை.

முதலில் கூரை. எஸ்யூவியின் கூரை, அதைத் துடைக்க வேண்டிய அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளது. எனவே கண்ணாடிகள் மட்டும் துடைக்கப்பட்டு, கூரையில் ஒரு மெத்தை விடப்படும். உள்ளே சூடு ஏறியதும் மெத்தையின் அடிப்பாகம் உருகும். முதல் சிக்னலில் பிரேக் போட்டதும் மெத்தை முழுவதும் வழுக்கி முன்கண்ணாடியில் விழும். ஆகவே நீளப்பிடி பிரஷ் ஆடம்பரமல்ல.

அடுத்து குழந்தைகள். பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையைச் சீட்டில் வைத்துப் பட்டி போட்டால், பட்டி இறுகியதாகத் தோன்றும். மோதலில் பஞ்சு நசுங்க, பட்டி தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிப் பட்டி போட்டு, மேலே போர்வை போடுவதே முறை. எங்காவது பனியில் சிக்கி எஞ்சினை ஓடவிட்டு உட்கார நேர்ந்தால், புகைபோக்கியின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். இந்த இரண்டு எச்சரிக்கைகளிலும் கேலி இல்லை.

இனி வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு. அது முன்னிருக்கையில் வலப்பக்கம் பொருத்தப்பட்டுள்ளது.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெல்லப் போங்கோவன்."

"இது ஏடபிள்யூடி. நீர் பயப்படாதையும்."

"முன்னால போறவன் பிரேக் அடிக்கிறான்."

"எனக்குத் தெரியும்."

இரண்டாம் வரிசையில் அம்மம்மாவின் வாயிலிருந்து "முருகா" என்ற ஒலி எழும். ஒரு கிலோமீட்டரில் இவ்வொலி எத்தனை முறை எழுகிறது என்பதை முருகா அடர்த்தி என்று இவ்வாய்வு அழைக்கிறது. உராய்வுக் கெழு குறையக் குறைய முருகா அடர்த்தி கூடும். டாஷ்போர்டில் உள்ள வழுக்கல் விளக்கு, சக்கரம் வழுக்கிய பிறகுதான் மின்னும். அம்மம்மா அதற்கு முன்பே மின்னுவார்.

7. தடையும் விடையும்

தடை: அப்படியானால் எஸ்யூவி வேண்டாமா?

விடை: வேண்டும். துப்புரவாகாத குறுந்தெருவிலும், ஏற்றமான தெருவில் நின்று கிளம்பும்போதும், நாற்சந்தியைச் சட்டென்று கடக்க வேண்டியபோதும் அதன் இழுவை உண்மையான உதவி. அந்த உதவியை நிற்கும் உதவி என்று எண்ணுவதையே மறுக்கிறோம்.

தடை: அரசு உப்புக் கொட்டுகிறதே?

விடை: சாலையின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 பாகையை நெருங்கும்போது உப்பின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். குளிரிலும் உப்பு வேலை செய்யட்டும் என்று சில நகரங்கள் பீட் கிழங்குச் சாற்றையும் கலந்து தெளித்துப் பார்த்தன. மேலும் பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் அவை சாலைக்கு முன்பே உறைகின்றன. அங்கே கிடக்கும் பிளாக் ஐஸ் ஈரத்தார் போலத் தோன்றும். அது உப்பு போட்டதா போடாததா என்று கண்ணுக்குத் தெரியாது.

தடை: புது வண்டிக்குக் கோயிலில் பூசை செய்தோமே?

விடை: பூசையில் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னே ஓட்டி நசுக்குகிறோம். இது முழுக்க முழுக்கப் புறப்பாட்டுச் சடங்கு. நிற்பதற்கு நம்மிடம் சடங்கே இல்லை.

8. முடிவுகள்

ஒன்று: நிற்றலுக்கும் ஒரு சடங்கு வேண்டும். பனி விழுந்த நாளில் வீட்டுத் தெருவைத் தாண்டுமுன், பின்னால் யாரும் வராதபோது, 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது என்பதே அன்றைய பஞ்சாங்கம். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சாலையின் தன்மையை அறிய முயல்வது, நான்கு சக்கர இழுவை உள்ளவருக்குப் பொய்சாட்சியைக் கேட்பதற்குச் சமம்.

இரண்டு: பின்கதவில் ஏடபிள்யூடி என்று எழுதியிருப்பது பின்னால் வருபவருக்குச் சொல்லப்பட்டது. ஓட்டுபவர் அதை நம்ப வேண்டியதில்லை.

மூன்று: முருகா அடர்த்தி கிலோமீட்டருக்கு ஒன்றைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். விளக்கம் கேட்கக் கூடாது.

நான்கு: குளிர்காலத்தில் வேகமாக ஓட்ட நேர்வதற்குத் தலைவர்கள் சொல்லும் காரணம், மண்டபத்தில் விழாவுக்கு நேரமாகிவிட்டது என்பதே. இக்காரணத்தை ஆய்வு ஏற்கவில்லை. அழைப்பிதழில் ஆறு மணி என்று அச்சிட்ட விழா எட்டு மணிக்கு முன் தொடங்குவதில்லை. ஆகவே, 401 நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டிகளின் பின்னால் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஊர்ந்து போனாலும், குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன் போய்ச் சேர்ந்து, வாசலுக்குப் பக்கத்திலேயே பார்க்கிங்கும் பிடிக்கலாம்.