மாடி எழும்புகிறது, வருமானம் எங்கே?

திருப்பதிப் பக்கத்துக் கார்வேட்டிநகரத்தில் வேணுகோபாலசுவாமிக்குக் கோயில் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சொந்த வீடாவது வேண்டும், முடிந்தால் வாடகைக்கு ஒரு மாடியும். கையில் காசு சேர்ந்ததும் திருப்பதியில் மனை தேடுகிறார்கள். பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., மருத்துவமனை எல்லாம் அங்கே இருப்பதால் வாடகைக்கு ஆள் கிடைக்கும் என்பது கணக்கு. ஆள் கிடைப்பார், கணக்குத்தான் கிடைக்காது. ஐம்பது லட்சம் போட்ட வீட்டுக்கு மாதம் 12,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1,44,000. மூன்று சதவீதம்கூட இல்லை. வங்கியில் ஆறு சதவீத வைப்பில் போட்டால் மூன்று லட்சம் வரும். வங்கி மேலாளர் நடுராத்திரியில் போன் செய்து, "சார், மோட்டார் ஓடலை" என்று சொல்லவும் மாட்டார்.

"நிலத்தின் விலை ஏறுமே" என்பார்கள். ஏறும், ஆனால் காலி மனைக்கும் அதே ஏற்றம்தான். அதன் மேல் எழுந்த கட்டடத்துக்கு மட்டும் வயதாகும், ஒழுகும், வெள்ளையடிக்கச் சொல்லும். "ஒப்பந்தம் இருக்கிறதே" என்றால், அது பெரும்பாலும் பதினோரு மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தாண்டினால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் அல்லவா! "கடைசிக் காலத்துக்குத் துணை" என்ற வாதம் மட்டும் நியாயம். வைப்பை உடைப்பதுபோல் வீட்டை அவசரத்துக்கு உடைத்துச் செலவழிக்க முடியாது என்பதால் அது கடைசிவரை மிஞ்சும். ஆகவே ஆசைக்கு வீடு கட்டுங்கள், தப்பில்லை. அதற்கு முதலீடு என்று பெயர் வைக்கும் முன், ஆளில்லாத மாதங்களையும் சேர்த்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.